மூத்தவளின் டிசி: தர்மபுரி கிராமத்துப் பெண் ஒருத்தியின் படிப்பு எங்கெங்கே அறுபடப் பார்த்தது

இந்த ஆய்வில் வரும் பெண் ஒரே ஒருத்தி அல்ல. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் ஆசிரியர்களும் சமூகநலத் துறையினரும் அடிக்கடி பார்க்கும் நிலைமைகளை ஒரு குடும்பத்துக்குள் கொண்டுவந்து, ஒரு மாணவியின் பாதையாக அடுக்கியிருக்கிறோம். தூரமும் பேருந்து நேரமும் வீட்டு விவரமும் மாதிரிக்கு வைத்தவை. விதிகள், தொகைகள், தேர்வு ஆண்டுகள் நடப்பில் உள்ளபடியே. அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. வீட்டில் முதல் பெண் என்பதே அவள் படிப்பைப் பெரும்பாலும் தீர்மானித்தது. அதனால் மூத்தவள் என்றே சொல்கிறோம்.

கண்டதை முன்பே சொல்லிவிடலாம். அவள் படிப்பு நிற்கப் பார்த்தது நான்கு முறை. நான்கு முறையும் அவள் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லாத வாரங்கள் அவை: ஐந்து முடிந்து ஆறில் சேருமுன், எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே, பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே, பன்னிரண்டு முடிந்து கல்லூரிக்கு முன். டிசி (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்த பள்ளிக்கு அவள் இனி மாணவி இல்லை. சேரவேண்டிய பள்ளிக்கு அவள் இன்னும் மாணவி இல்லை. அந்தக் கோடை வாரங்களில் அவளைப் பற்றி யாருக்கும் பொறுப்பில்லை. கல்யாணத் தரகருக்கு மட்டும் இருந்தது.

ஊரும் வீடும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்களுக்குத் தக்காளி, சாமந்தி. இல்லாதவர்களுக்குக் கேழ்வரகு, சாமை, கொள்ளு, கொஞ்சம் மரவள்ளி. மழை தப்பினால் பெங்களூருக்குக் கட்டட வேலை. இந்த வீட்டில் அப்பா ஆண்டில் ஏழெட்டு மாதம் பெங்களூரில். அம்மாவுக்கு நூறு நாள் வேலை, பிறகு மற்றவர் காட்டில் களையெடுப்பு. இரண்டு கறவை மாடு, பாட்டி, மூத்தவளுக்குப் பின் ஒரு தங்கை, கடைசியாக ஒரு தம்பி.

பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் வைப்புத்தொகை (ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000) இந்த வீட்டுக்குக் கிடையாது. ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக்கட்டுப்பாடு செய்திருக்கவேண்டும் என்பது விதி. மகனுக்காகக் காத்திருந்து மூன்றாவதாகப் பெற்றுக்கொண்ட வீடுகளில்தான் மூத்த பெண் படிப்பை நிறுத்துவதும் அதிகம் என்பதால், உதவி தேவைப்படும் பெண்களிடம் இந்தத் திட்டம் போய்ச் சேர்வதே இல்லை என்பது எங்கள் கருத்து.

ஐந்திலிருந்து ஆறு

தொடக்கப் பள்ளி ஊருக்குள்ளேயே இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், மதிய உணவு, வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். இங்கே நடுநிலைப் பள்ளி இரண்டரை கிலோமீட்டரில், ஓடையைத் தாண்டி. சட்டத்தின் கணக்கில் சரி. ஆனால் ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்தால் ஒரு வாரம் யாரும் போகமாட்டார்கள்.

2017 ஜூனில் மூத்தவள் ஆறில் சேரவேண்டும். தம்பிக்கு அப்போது மூன்று வயது. அங்கன்வாடிக்குக் கொண்டுவிட ஆள் வேண்டும். பாட்டிக்கு முட்டி வலி. "ஒரு வருசம் போகட்டும், அப்புறம் சேத்துக்கலாம்" என்றார்கள். ஒரு வருடம் விட்ட குழந்தை திரும்பி வந்தால் தன்னைவிடச் சிறியவர்களோடு உட்காரவேண்டும். அந்தக் கூச்சத்திலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பட்டியலை ஏப்ரலிலேயே கையெழுத்தோடு வாங்கி வைத்திருந்ததால் இது தப்பியது. கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில், டிசி கொடுத்த மாணவர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடுவார். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடப்பார். ஜூன் முடிந்தும் தொகுப்பில் கிடக்கும் பெயர்களை வட்டார வளமையத்தில் கேட்டால் தருவார்கள். கேட்பவர்தான் குறைவு. ஏப்ரல் பட்டியலோடு ஜூன் சேர்க்கையை ஒத்துப் பார்த்தால் விடுபட்ட பெயர்கள் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கணக்கெடுப்பில் பள்ளி செல்லாக் குழந்தையாகப் பதிவாகத் தொடர்ந்து 30 நாள் வராமல் இருக்கவேண்டும். அந்த முப்பது நாளில் வீட்டு வேலை அவள் தலையில் நிலைத்துவிடும். பிறகு கூப்பிடுவது பள்ளிக்கு அல்ல, ஒரு வேலையாளை விடச் சொல்வதாகவே வீட்டாருக்குப் படும்.

தீர்வு சிறியது. தம்பியை அங்கன்வாடிக்கு விடும் வேலை, அதே வழியில் நூறு நாள் வேலைக்குப் போகும் அத்தைக்கு மாறியது.

காலை ஐந்து முதல் எட்டு வரை

ஏழாம் வகுப்பில் அவள் வயதுக்கு வந்தாள். சடங்கு, தாய்மாமன் சீர், பந்தல் எல்லாம் சேர்ந்து பள்ளிக்குப் பதினாறு நாள் போகவில்லை. இதை யாரும் தடுத்துவிட முடியாது. தடுக்க நினைத்து ஊரோடு சண்டை போடுவதில் பயனும் இல்லை. பதினேழாம் நாள் திரும்பி வருகிறாளா என்பதைத்தான் பார்க்கவேண்டும். வகுப்பு ஆசிரியை சடங்குக்குப் போய் மொய் எழுதிவிட்டு, "திங்கக்கிழமை அனுப்பிடுங்க அக்கா, பரீட்சை வருது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவது எந்த ஆலோசனைக் கூட்டத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

திரும்பி வந்தபின் மாதம் இரண்டு மூன்று நாள் விடுப்பு விழத் தொடங்கியது. பள்ளியில் கழிப்பறை இருந்தது. உள்தாழ்ப்பாள் உடைந்திருந்தது, தொட்டியில் தண்ணீர் இல்லை, குப்பைக் கூடை இல்லை. பள்ளிகளுக்கான அளவு 40 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர் மறைப்பும். எண்ணிக்கை சரியாக இருந்தும் பயன்படாத பள்ளிகளே அதிகம். ஆய்வுக்கு வருபவர் கதவை எண்ணுவார். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கமாட்டார். தாழ்ப்பாள், மூடியுள்ள வாளி, கையெட்டும் குழாய் ஆகிய மூன்றும் இருந்தால் அந்த விடுப்பில் பெரும்பகுதி குறையும். மூன்றையும் பள்ளி மேலாண்மைக் குழுவே வாங்கிவிடலாம். குழுத் தலைவர் பெற்றோரில் ஒரு தாயாக இருக்கவேண்டும் என்பது விதி. அந்தத் தாய் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தால் தீர்மானம் தானாக வரும்.

புதுயுகம் திட்டத்தில் ஊரகப் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம் நாப்கின், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பொட்டலமாக. ஒரு பொட்டலத்தில் ஆறு. மாதத்துக்கு ஒன்பதுதான் ஆகிறது என்பதால் பாதி நாளுக்குத் துணிதான். கொடுத்ததைப் பள்ளியிலேயே பத்து எடுத்து வைத்து, திடீரெனத் தேவைப்படுகிற பிள்ளைக்குத் தருவது நல்ல வழக்கம். இல்லையென்றால் காலை பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால் அடுத்த வாரம் வகுப்பே மாத்திரையைச் சன்னல் வழியே எறியும். மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, ஆசிரியை எதிரிலேயே விழுங்கவைக்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மூத்தவள் காலையில் டீயும் பொறையும் மட்டும் சாப்பிட்டு வருபவள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில்தான் வந்தது, அதுவும் ஐந்தாம் வகுப்புவரை.

இனி வேலை. காலை ஐந்துக்கு எழுந்து ஆறு குடம் தண்ணீர். மாட்டுக்கொட்டகை கூட்டல். பாலைச் சொசைட்டிக்கு 6.30க்குள் கொண்டுபோய் ஊற்றல். தங்கைக்கும் தம்பிக்கும் தலைசீவிச் சோறு கட்டல். எட்டாம் வகுப்புவரை நடந்து போனதால் இதெல்லாம் எப்படியோ முடிந்தது. ஒன்பதுக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி உயர்நிலைப் பள்ளி. பேருந்து 7.50க்கு, ஒன்றரை கிலோமீட்டர் நடந்துபோய் ரோட்டில் பிடிக்கவேண்டும். அடுத்தது 9.25. அதில் போனால் பிரார்த்தனை முடிந்திருக்கும், வாசலில் நிற்கவேண்டும். 7.50ஐ விட்ட நாளெல்லாம் விடுப்பு நாள் ஆனது.

வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். விடுப்பு எல்லா நாளிலும் சமமாக விழாது. பால் ஊற்றும் முறை அவளுடையதாக இருக்கும் நாளில் விழும். அதனால் "படிப்பு முக்கியம்" என்று பெற்றோரிடம் பேசுவதைவிட, ஒரே ஒரு வேலையை மாற்றச் சொல்வது பலன் தரும். பாலைத் தம்பி கொண்டுபோகலாம். அவன் பள்ளி ஊருக்குள், ஒன்பது மணிக்குத்தான். பையன் பால் தூக்கினால் என்ன கெட்டுவிடும் என்று பாட்டியே கேட்டால்தான் நடக்கும். அப்பாவிடம் கேட்பதைவிடப் பாட்டியிடம் கேட்பது நல்லது.

எட்டு முடிந்ததும் ஊரடங்கு

எட்டாம் வகுப்பில் அவள் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு எழுதினாள். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. இரண்டும் சேர்த்து 40 சதவீதம் வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 32. கிடைத்தால் ஒன்பது முதல் பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. படிப்புத்திறனில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. மனத்திறன் பகுதியில்தான் கிராமத்துப் பிள்ளைகள் சறுக்குவார்கள், ஏனென்றால் எண் தொடர், படத் தொடர் போன்றவை பாடப்புத்தகத்தில் இல்லை. பழைய வினாத்தாள் ஐந்தாறு வைத்து இரண்டு மாதம், நாளுக்கு முக்கால் மணி நேரம் பழக்கினால் போதும்.

மூத்தவள் தேறினாள். பணம் வரவில்லை.

தேறியதும் பணம் தானாக வரும் என்று வீட்டில் நினைத்தார்கள். ஒன்பதில் சேர்ந்தபின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். பள்ளியும் மாவட்ட அலுவலகமும் தனித்தனியே சரிபார்க்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. எட்டாம் வகுப்புப் பள்ளி அவளை அனுப்பிவிட்டது, ஒன்பதாம் வகுப்புப் பள்ளி அவள் முகத்தையே பார்க்கவில்லை. தேர்ச்சிப் பட்டியல் பழைய பள்ளியில், விண்ணப்பிக்கும் பொறுப்பு புதிய பள்ளியில். இரண்டு தலைமையாசிரியர்களும் ஒருவருக்கொருவர் ஒரு போன் செய்திருந்தால் 12,000 ரூபாய் வந்திருக்கும். முதல் ஆண்டு விட்டால் பின்னால் சேர்க்க வழி கிடையாது.

ஊரடங்கில் ஒன்பதாம் வகுப்பு பெரும்பாலும் கல்வித் தொலைக்காட்சி, அப்பாவின் போன். அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். 9, 10, 11 வகுப்புகள் எல்லாருக்கும் தேர்ச்சி என்று 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அவள் பத்துக்கு வந்தபோது பள்ளி திறந்தது 2021 செப்டம்பர் 1. ஏழாம் வகுப்புக் கணக்கிலேயே தடுமாறினாள். ஆசிரியரோ பத்தாம் வகுப்புப் பாடத்தில் நின்றார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாணவிக்கு முன்பே பாஸ் உண்டு. மாற்றம் அம்மாவுக்கு. பெற்றோர் கூட்டத்துக்கு, வங்கிக்கு, தாலுகா ஆபீசுக்கு அம்மாவே போகத் தொடங்கினாள். அதுவரை அப்பா வரும்வரை எந்தக் காகிதமும் நகராது.

ஆனி முடிந்து ஆடி

2022இல் பத்தாம் வகுப்புத் தேர்வு மே மாதம் நடந்தது. ஜூன் 20இல் முடிவு. கணக்கில் தோல்வி, மற்ற நான்கிலும் தேர்ச்சி. நூற்றுக்கு 35 வேண்டும், அவளுக்கு 27.

வீட்டுக்கு வந்த செய்தி "பெயில்" என்ற ஒற்றைச் சொல். நாலு பாடம் தேறியது யார் காதிலும் விழவில்லை. அதே வாரம் தாய்மாமன் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. மாப்பிள்ளைக்கு 24, பெங்களூரில் சென்டரிங் வேலை. அவளுக்கு 15 வயது பத்து மாதம். "சும்மா பேசி வைக்கிறோம் சார், நிச்சயம் மட்டும்தான். வயசு வந்த பிறகுதான் கல்யாணம்." இப்படிச் சொல்லும் நிச்சயங்களில் பல, அடுத்த முகூர்த்த மாதத்திலேயே ஏதாவது கோயிலில் தாலியாக முடியும்.

நாள்காட்டி இங்கே உதவியது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆகஸ்ட் 17 வாக்கில் ஆவணி. துணைத் தேர்வு ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆடிக்குள்ளேயே. ஆக ஐந்து வாரம் கையில். தோல்வியுற்ற பெண்ணுக்கு முதலில் துணைத் தேர்வு விண்ணப்பம், அதற்குப் பிறகுதான் கல்யாணம் பற்றிய பேச்சு என்பது அனுபவசாலிகள் வைக்கும் வரிசை. ஹால் டிக்கெட் வீட்டுக்கு வந்துவிட்டால் பெரியவர்களே "பரீட்சை எழுதட்டும்" என்பார்கள்.

27ஐ 35 ஆக்க ஐந்து வாரத்தில் புத்தகம் முழுக்க நடத்த முயல்வது வீண். வரைபடம், வடிவியல் வரைதல் இரண்டும் எட்டு எட்டு மதிப்பெண் வினாக்கள். கேட்கும் விதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றில் பதினாறு. அதற்குமேல் 'உறவுகளும் சார்புகளும்', 'புள்ளியியலும் நிகழ்தகவும்' ஆகிய இரண்டு பாடம். ஒரு மதிப்பெண் வினாக்கள் புத்தகத்தின் பின்பக்கப் பயிற்சியிலிருந்தே பெரும்பாலும் வரும். தினம் இரண்டு மணி நேரம், அளவுகோலும் கவராயமும் நல்லதாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டி சிறு விஷயமல்ல. ஆணி தளர்ந்த கவராயத்தால் வட்டம் கோணி மூன்று மதிப்பெண் போகும்.

இன்னொரு பக்கம் சட்டம். பெண்ணுக்குத் திருமண வயது 18 என்பது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். மணம் செய்யும் வயதுவந்த ஆணுக்கும், நடத்திவைப்பவருக்கும், துணைபோகும் பெற்றோருக்கும் இரண்டாண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. தமிழ்நாட்டில் தடுப்பு அலுவலர் மாவட்ட சமூகநல அலுவலர். குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரும் சொல்லலாம், சொன்னவர் பெயரை வெளியிடமாட்டார்கள். ஆனால் கிராமத்தில் யார் சொன்னது என்று ஊரே ஊகிக்கும், ஊகம் முதலில் ஆசிரியர் மேல்தான் விழும். அதன்பின் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் பிள்ளையும் அந்தப் பள்ளிக்கு வராது. அதனால் தலைமையாசிரியர் நேரடியாகச் சமூகநல அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் அந்தப் பகுதியில் மூன்று நான்கு வீட்டுக்குச் சேர்ந்தாற்போல் போவது நல்ல முறை.

வருபவர்கள் முதலில் கேட்பது வயதுச் சான்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிப் பதிவில் வேறு தேதியும் இருந்தால் குடும்பம் வசதியானதைக் காட்டும். ஆறாம் வகுப்பிலேயே இரண்டையும் ஒத்துப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

பெற்றோரிடம் எழுதி வாங்கும் உறுதிக் கடிதத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து மாவட்டத்திலோ கர்நாடக எல்லைக்கு அப்பாலோ போய்க் கட்டிவைத்துவிடலாம். சட்டத்தின் 13ஆம் பிரிவில் குற்றவியல் நடுவர் தடையாணை போடலாம். அதை மீறி நடந்த திருமணம் 14ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. மற்றபடி குழந்தைத் திருமணம் பெரும்பாலும் தானாகச் செல்லாததாகிவிடாது; அந்தப் பெண் 20 வயதுக்குள் நீதிமன்றம் போய் ரத்து கேட்கவேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் "கட்டினாலும் செல்லாது" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. கட்டிவைத்தபின் அந்த வார்த்தை பெண்ணுக்கு உதவாது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி, 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு கணவன் கொள்ளும் உறவும் வன்புணர்வுக் குற்றமே. மாப்பிள்ளை வீட்டுக்கு இதைச் சொல்வதுதான் பலமுறை பேச்சை நிறுத்துகிறது. அபராதத்தைவிடப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குக்குப் பயப்படுகிறார்கள்.

மூத்தவள் துணைத் தேர்வில் 41 வாங்கினாள். முகூர்த்தம் தொடங்குமுன் பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. கைவிடப்படவில்லை.

பேருந்து தேர்ந்தெடுத்த குரூப்

அவள் நர்சிங் படிக்க நினைத்திருந்தாள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். செப்டம்பரில் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போனபோது உயிரியல் பிரிவு நிறைந்திருந்தது. அந்தப் பிரிவில் இடமிருந்த அடுத்த பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறி, மாலை வீடு சேர ஏழு ஆகும். கார்த்திகையில் ஏழு மணி என்றால் இருட்டு; ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தனியே நடக்கவேண்டும். வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள். கிராமத்துப் பெண்கள் வணிகவியலை விரும்பிப் படிக்கிறார்கள் என்று புள்ளிவிவரத்தைப் பார்த்துச் சொல்பவர்கள் பேருந்து அட்டவணையையும் ஒருமுறை பார்க்கலாம்.

விடுதியில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்கவேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்த வீட்டில் அனுப்பியிருக்கமாட்டார்கள். பால், தண்ணீர், பாட்டி.

பேருந்துக்காக மனு எழுதும்போது நேரும் தவறு, புதிய பேருந்து கேட்பது. புதிய பேருந்துக்கு வண்டி, ஓட்டுநர், நடத்துநர் எல்லாம் வேண்டும், பதில் வராது. ஓடுகிற பேருந்தை இருபது நிமிடம் முன்பின் நகர்த்தக் கேட்டால் கிளை மேலாளர் அளவிலேயே முடியக்கூடும். மனுவில் தடம் எண், நிறுத்தம், இப்போதைய நேரம், வேண்டிய நேரம், அந்த நிறுத்தத்தில் ஏறும் மாணவ மாணவியரின் எண்ணிக்கை, தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் இருக்கவேண்டும். கிராமசபைத் தீர்மான நகலை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது எண்ணை வாங்கிவைக்கவேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வந்தது. தூரம் உறுத்தத் தொடங்கிய பத்தாம் வகுப்பு கடந்தபின். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி 2005-06இல் எல்லாருக்கும் விரிந்த திட்டம் இது. பதினோரு கிலோமீட்டர் யாரும் மிதிப்பதில்லை; ரோடுவரையான ஒன்றரை கிலோமீட்டருக்கு அது போதும். பேருந்து நிறுத்தத்துக் கடைக்காரரிடம் பூட்டி விட்டுப் போகலாம். கையில் கொடுத்த அன்றே பிரேக் கட்டை, சக்கர நட்டு, செயின் தளர்ச்சி மூன்றையும் கடையில் முடுக்கிக்கொள்ளவேண்டும். மொத்தமாகப் பொருத்தி அனுப்பிய வண்டிகள் முதல் மாதத்திலேயே நட்டு கழன்று வீட்டில் சாய்ந்துவிடும். பிறகு அதில் அப்பா தீவனம் கட்டுவார்.

பன்னிரண்டு முடிந்து

2024 மே 6இல் முடிவு. 600க்கு 412. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும் அதையொட்டியே தொடங்கியது. அவகாசம் இரண்டு மூன்று வாரம்தான். கட்டணம் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும்.

பெரும்பாலோர் பிரவுசிங் சென்டரில் பதிவார்கள். சென்டர்காரர் அவசரத்தில் தன் போன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். கலந்தாய்வு அழைப்பு அவருக்குப் போகும். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் பதிந்தவர் யாருக்கென்று சொல்வார்? மாணவி தரவரிசையில் இருந்தும் அழைப்பு தெரியாமல் இடம் போகும். அம்மாவின் எண், அதுவும் எப்போதும் கையிலிருக்கும் எண் வேண்டும். பெங்களூரில் இருக்கும் அப்பாவின் எண்ணும் பாதி ஆபத்துதான். ஆங்கிலத்தில் வந்த செய்தியை விளம்பரம் என்று அழித்துவிடுவார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்படவேண்டும். பதிவு முடிந்து அச்செடுத்த தாளில் குரூப், சாதிப் பிரிவு, மதிப்பெண் மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பார்க்கவேண்டும். சாதிப் பிரிவு தவறினால் கலந்தாய்வு நாளில் திருப்பி அனுப்புவார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு, அரசுப் பள்ளியில் (இப்போது அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலும்) ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்திருக்கவேண்டும். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய திட்டம்; முன்பிருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவியை மாற்றி வந்தது. கல்யாணத்துக்குத் தங்கம் என்பது படிப்புக்கு மாதப் பணமானது பெரிய மாற்றம்தான். மூன்றாண்டுக்கு 36,000 என்றதும் அப்பாவின் பேச்சே மாறியது. ஒன்பதில் "நல்ல பள்ளி" என்று தனியாருக்கு மாற்றிய வீடுகள் இந்தத் தொகையையும், தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டையும் இழக்கும். மாற்றுமுன் யாரும் இதைச் சொல்வதில்லை.

பணம் வராமல் நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, பெயர்: பள்ளிப் பதிவில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக. இரண்டாவது, 15 வயதில் கட்டாயமாகச் செய்யவேண்டிய கைரேகை, கண்விழிப் புதுப்பிப்பைச் செய்யாதது. மூன்றாவது, கணக்கு. நேரடிப் பணப்பரிமாற்றம் பாஸ்புக்கில் எழுதிய எண்ணுக்குப் போவதில்லை. ஆதார் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்குப் போகும். பள்ளிக் காலத்தில் ஒரு வங்கி, பிறகு தபால்காரர் வழியே திறந்த அஞ்சல் வங்கிக் கணக்கு என்று இரண்டு இருந்தால், பணம் ஒன்றில் வந்துகொண்டிருக்க, வரவில்லை என்று இன்னொன்றில் தேடுவார்கள்.

மூத்தவள் முதல் சுற்றில் பி.காம். இடம் வாங்கினாள். சேருமுன் ஒரு தடை, வீட்டுக்குள்ளிருந்து. முதல் பட்டதாரிச் சான்றிதழைத் தம்பிக்கு வைத்திருக்கவேண்டும், இவள் வாங்கிவிட்டால் அவன் இன்ஜினியரிங் போகும்போது கிடைக்காது என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அது குடும்பத்தில் ஒருவருக்கே பயன்படும் என்பது உண்மை. ஆனால் அரசு கலைக் கல்லூரியில் சேர அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. அது தொழிற்படிப்புகளின் கல்விக் கட்டணச் சலுகைக்கானது. இந்த ஒரு விளக்கத்துக்கு அவர்கள் ஊரில் ஆள் இல்லை. கல்லூரிச் சேர்க்கை உதவி மையத்தில் இருந்த ஆசிரியர் அப்பாவைப் போனில் பிடித்து இரண்டு நிமிடத்தில் சொன்னார். தம்பி பன்னிரண்டு முடிக்கும்போது அக்கா பட்டதாரியாகியிருப்பாள், அப்போது சலுகை என்ன ஆகும் என்று அப்பா திருப்பிக் கேட்டது நியாயமான கேள்விதான். வீட்டில் வேறு பட்டதாரி இல்லை என்று உறுதி தந்தால்தான் சான்றிதழ். விதி இருக்கும்வரை மூத்த பெண்ணின் பட்டம் தம்பியின் சலுகையை விலக்கும். அப்பா அன்று அதை ஏற்றுக்கொண்டார். எல்லா அப்பாக்களும் ஏற்பதில்லை.

ஆகஸ்டில் அவளுக்கு 18 முடிந்தது. தாய்மாமன் வீட்டார் ஆவணியில் மறுபடி வந்தார்கள். இந்தமுறை பேச அப்பா பெங்களூரிலிருந்து வரவில்லை. மூத்தவளையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் மூன்று வருடம் கேட்டாள், அவர்கள் ஒரு வருடம் என்றார்கள். பேச்சு அந்த இடத்தில் நிற்கிறது. தங்கை இந்த நேரத்தில் ஏழாம் வகுப்பில். தண்ணீர்க் குடம் ஆறும் இப்போது அவளுடையவை.